பிராக் நகரத்து யூதர் நூதனசாலை



சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையிலே யேர்மனியில் வாழும் என் தம்பியின் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். தம்பியின் மூத்த மகள், எனக்குப் பெறாமகள், பல்கலைக்கழகம் புகுவதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருப்பவள். அவள் ஒருநாள் என்னிடம் வந்து, "பெரியப்பா, பெர்லினிலே பார்க்கவேண்டியவற்றைப் பார்த்துவிட்டீர்கள். பிராக் நகரம் புகையிரதத்திலே நாலைந்து மணித்தியாலத் தொலைவுதான். வாருங்கள், நான் கூட்டிக்கொண்டு போகின்றேன்" என்றாள். பிராக் என்றதும் என் நினைவுக்கு வந்தது அந்நகரத்து அரசர் கோட்டையும், வல்தாவா ஆற்றின்மீது நாலாம் சார்ல்ஸ் மன்னன் கட்டிய கற்பாலமுமே. அவளுக்கோ வேறொன்றைக் காட்டும் எண்ணம் இருந்தது. அது யூதர் நூதனசாலை.

வெள்ளிக்கிழமை மாலை நகரை அடைந்தோம். மறுநாட் காலை நூதனசாலைக்குச் சென்றால் கதவுகள் பூட்டிக் கிடந்தன. சனிக்கிழமை யூதருடைய ஓய்வுநாளாகிய சபத்து. அந்நாளிலும் யூதர் பெருநாட்களிலும் நூதனசாலை திறக்கப்படுவதில்லை. இருபது ஆண்டுகள் வரலாறு படிப்பித்த எனக்கு இது முன்னமே தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. ஆகவே கோட்டையை அன்று பார்த்தோம். ஞாயிறு காலையிலே திரும்புவதற்கென வாங்கியிருந்த பயணச்சீட்டையும் மாற்றினோம். அதற்குக் கொடுத்த மேலதிகப் பணத்தை நினைத்து நான் சிறிது முணுமுணுத்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நூதனசாலை என்றதும் ஒரு பெரிய கட்டடத்தையே நாம் மனத்திற் கொள்வோம். இஃது அத்தகையதன்று. பழைய யூதர் குடியிருப்பாயிருந்த ஒரு பகுதியிலே எஞ்சிநிற்கும் செபாலயங்கள் சிலவும், ஒரு மயானமும், அதனை அடுத்த சடங்குமண்டபமும் சேர்ந்தே நூதனசாலையாய் விளங்குகின்றன. அப்பகுதிக்கு யோசெபோவ் என்று பெயர். யூதர்மீதிருந்த தடைகள் பலவற்றைத் தளர்த்திய இரண்டாம் யோசெப்பு மன்னனின் பெயரால் வந்தது அது. அவனுடைய தாய் மரியா தெரேசா, 1744 ஆம் ஆண்டின் முடிவிலே, நகரத்து யூதர் அனைவரையும் வெளியேறும்படி கட்டளையிட்டவள். அவர்கள் திரும்பிவர 1748 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாயின் கட்டளையையும் மகனின் கட்டளையையும் அடுத்தடுத்துக் கண்ட ஒரு தலைமுறை அங்கே இருந்திருக்கின்றது.

இன்று அங்கு செல்பவர் பழைய ஒழுங்கைகளைத் தேடினால் ஏமாறுவர். 1893 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, சுகாதாரக் கேடு நிறைந்தது என்று சொல்லி அக்குடியிருப்பை இடித்துத் தள்ளினர். இடித்த இடத்திலே அகன்ற வீதிகளும் மாடிவீடுகளும் எழுந்தன. அவ்வீதிகளுள் ஒன்றிலே இப்போது விலையுயர்ந்த கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் விற்கும் கடைகள் வரிசையாய் நிற்கின்றன. கடிகாரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பழைய யூதர் நகரமண்டபத்தின் முகப்பிலே எபிரேய எழுத்துக்களையே எண்களாகக் கொண்ட மணிக்கூடு ஒன்று உண்டு. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதற்கிணங்க அந்த மணிக்கூட்டின் முட்களும் இடப்புறமாகவே சுற்றுகின்றன. அதன் கீழே நின்று நேரம் என்னவென்று அறிய நான் பட்ட பாட்டைப் பார்த்து என் பெறாமகள் சிரித்தாள்.

நாங்கள் பார்த்த ஒழுங்கை விடுத்து, பழையதிலிருந்து புதியதற்கு வரும் முறையிலே சொல்லுகின்றேன். அதுவே கேட்போருக்குத் தெளிவாயிருக்கும்.

மிகப் பழையது 'பழைய-புதிய செபாலயம்' எனப்படுவது. இது நூதனசாலையைச் சேர்ந்ததன்று. இன்றும் வழிபாடு நடைபெறும் இடம். ஏறத்தாழ 1270 ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. ஐரோப்பாவிலே இன்றளவும் வழிபாடு நடக்கும் செபாலயங்களுள் இதுவே மூத்தது. வாயிலிலே ஆடவருக்குத் தலையை மூடிக்கொள்ளும்படி ஒரு சிறு தொப்பி தருகின்றனர். எங்கள் கோயில்களிலே ஆடவர் மேலாடை களைவது மரியாதை. இவர்களிடத்தே தலையை மூடுவது மரியாதை. உள்ளே வெளிச்சம் குறைவு, கற்சுவர்கள் தடிப்பானவை. எழுநூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே வழிபாடு ஒரே மண்டபத்தில் நடந்துவந்திருக்கின்றது என்ற நினைவோடு பார்த்தாலன்றி அங்கே கண்ணைக் கவர்வது அதிகமில்லை.

மயானமோ கண்ணைவிட்டு அகலாதது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தொடங்கப்பட்ட இம்மயானத்திலுள்ள மிகப் பழைய நடுகல் 1439 இல் இறந்த அவிக்டோர் காரா என்னும் புலவருடையது. 1389 ஆம் ஆண்டிலே பிராக் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டதைக் கண்டு தப்பிப் பிழைத்தவர் அவர். அக்கொலையைப் பற்றி இரங்கற்பா ஒன்றும் பாடினார். கடைசி அடக்கம் நிகழ்ந்தது 1787 இல். இந்த மூன்றரை நூற்றாண்டிலும் நகரத்து யூதருக்கு வேறிடம் போதியவாறு கொடுக்கப்படவில்லை. புதைத்த ஒருவரைத் தோண்டி அகற்றுதல் அவர்தம் சமயநெறிக்கு ஒவ்வாது. ஆதலால், இருந்த புதைகுழிகளின்மேல் மண்ணைக் கொட்டி, அதன்மேல் அடுத்தவரைப் புதைத்தனர். அவ்வாறு பல அடுக்குகள் ஏறின. ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் கீழிருந்த நடுகற்களையும் மேலே தூக்கி நட்டனர். ஆகவே இன்று ஏறக்குறைய 12,000 கற்கள் ஒன்றையொன்று தாங்கியும் சாய்ந்தும், வீதிமட்டத்திற்கு மேலான ஒரு மேட்டிலே நெருங்கி நிற்கின்றன. அவற்றின் கீழே உறங்குவோர் தொகை கற்களின் தொகையைவிட மிகப் பெரிது.

கற்களிலே மனித உருவம் இல்லை; ஆனால் குறிகள் உண்டு. குருமரபிலே வந்தவருக்கு ஆசி கூறும் இரு கைகள். லேவியர் மரபினருக்கு நீர்க்குடம். சிலருடைய பெயரையே குறியாக்கியுள்ளனர். தாவீது கான்ஸ் என்பவர் 1613 இல் இறந்த வரலாற்றாசிரியர், வானநூலும் கற்றவர். கான்ஸ் என்றால் யேர்மன் மொழியிலே வாத்தினத்துப் பறவை. அவர் கல்லிலே அப்பறவை செதுக்கப்பட்டிருக்கின்றது. 1609 இல் மறைந்த றபி லோவ் என்னும் பேரறிஞர் கல்லிலே சிங்கம். களிமண்ணால் ஒரு மனிதனைச் செய்து அதற்கு உயிரூட்டினார் என்று கதை சொல்லப்படுபவர் இவரே. கதை அவர் காலத்துக்கு நெடுநாட் பின்னர் எழுந்தது. எனினும் மக்கள் கூட்டம் கூடி நிற்பது அவர் எழுதிய நூல்களுக்காகவன்று, அந்தக் களிமண் மனிதனுக்காகவே. கல்லின்மீது கூழாங்கற்களை வைத்துவிட்டுச் செல்கின்றனர். பூ வைப்பதற்குப் பதிலாகக் கல் வைப்பது யூதர் வழக்கம். என் பெறாமகளும் ஒரு சிறு கல்லைத் தேடியெடுத்து வைத்தாள். எவருடைய கல்லின்மீது என்றால், பெயர் முற்றாகத் தேய்ந்துபோன ஒன்றின்மீது.

மைசல் செபாலயத்திலே பழைய காலத்து வரலாறும், ஸ்பானியச் செபாலயத்திலே பிற்கால வரலாறும் காட்டப்பட்டுள்ளன. பின்னையது 1868 இல் மூர் மக்களின் கட்டட அமைதியைத் தழுவிக் கட்டப்பட்டது; உட்புறமெல்லாம் பொன்னிற வேலைப்பாடு. வெள்ளிக் கிண்ணங்களும் பட்டுத் திரைகளும் ஆங்காங்கு கண்டோம். அச்சுநூல்களின் பக்கத்தில் நான் சிறிது நேரம் நின்றேன். பிராக்கிலே எபிரேய நூல் அச்சிடப்படத் தொடங்கியது 1512 இல்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன்.

நூதனசாலை 1906 இலே தொடங்கப்பட்டது. வீடுகள் இடிக்கப்பட்டபோது சில செபாலயங்களும் உடனிடிக்கப்பட்டன அல்லவா? அவற்றிலிருந்த பொருள்கள் சிதறிப் போகாவண்ணம் காக்கவேண்டும் என்று வரலாற்றறிஞர் சலமோன் ஊகோ லீபன் முதலியோர் முயன்றதன் பயன் அது. அப்போது அது சிறியதொரு சேகரிப்பு. இன்று அங்கே ஏறக்குறைய 40,000 பொருள்களும் 1,00,000 நூல்களும் உள்ளன. இப்பெருக்கம் எப்படி வந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துவது.

1939 மார்ச்சு 15 ஆம் நாள் யேர்மன் படைகள் பிராக்குக்குள் நுழைந்தன. 1941 இன் பிற்பகுதியிலிருந்து யூதர்கள் தொகுதி தொகுதியாக அனுப்பப்பட்டனர். ஊர்கள் வெறுமையாயின. செபாலயங்களிலிருந்த தோரா என்னும் திருமறைச் சுருள்கள், திரைகள், விளக்குகள், ஊர்க் கணக்கேடுகள் என்பன கேட்பாரற்றுக் கிடந்தன. அப்போது பிராக் யூதர் சபையைச் சேர்ந்தோர், இவற்றை ஓரிடத்திற் சேர்த்துக் காக்க இசைவளிக்கும்படி நாற்சி அதிகாரிகளைக் கேட்டனர். 1942 இல் இசைவு கிடைத்தது. பொகீமியா, மொறாவியா நாடுகளின் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து பெட்டி பெட்டியாகப் பொருள்கள் வந்திறங்கின.

நாற்சிகள் ஏன் இசைந்தனர்? 'அழிந்துபோன ஓர் இனத்தின் நூதனசாலை' ஒன்றை அமைப்பதே அவர்களுடைய திட்டம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. வழிகாட்டிகளும் அவ்வாறே சொல்லுகின்றனர். அப்படியொரு திட்டம் எழுத்தில் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். பொருள்கள் பெறுமதியுடையவை என்ற பேராசையே போதிய காரணமாய் இருந்திருக்கலாம். எதுவாயினும், கேட்டவர்களின் நோக்கமும் கொடுத்தவர்களின் நோக்கமும் ஒன்றல்ல என்பது திண்ணம். யோசெப் பொலாக், தொபியாஸ் யாக்கோபோவிற்ஸ், கட்டடக் கலைஞர் பிரான்ரிசேக் செலெங்கா என்பவர்களும் அவர்தம் உதவியாளரும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, எந்த ஊரினது, எந்தக் காலத்தது என்று அட்டைகளில் எழுதி வைத்தனர். காட்சிகளையும் அமைத்தனர். ஆனால் அக்காட்சிகளைப் பார்க்க வந்தோர் நாற்சி அதிகாரிகள் மட்டுமே. அட்டை எழுதியவர்களும் ஒவ்வொருவராக அனுப்பப்பட்டனர். நான் பெயர் சொன்ன மூவருள் ஒருவரும் மீளவில்லை. அக்குழுவிலே பிழைத்திருந்த ஹானா வொலாவ்கோவா என்னும் அம்மையார் போருக்குப்பின் நூதனசாலையின் தலைமையை ஏற்றார். பொருள்கள் இருந்தன, அவற்றைத் திரும்பக் கேட்க ஊர்களிலே ஆட்கள் இல்லை.

1950 இல் அரசாங்கம் நூதனசாலையைத் தன்னுடைமையாக்கியது. 1964 இல் 1,564 தோராச் சுருள்கள் இலண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் செபாலயத்திற்கு விற்கப்பட்டன. அங்கே அவை செப்பனிடப்பட்டு, உலகெங்கும் உள்ள யூதர் சபைகளுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டன. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின், 1994 இலேதான் நூதனசாலை யூதர் சபைகளிடம் மீண்டது.

இப்போது பிங்கஸ் செபாலயம். 1535 இலே கட்டிமுடிக்கப்பட்டது. உள்ளே சென்றால் பார்ப்பதற்குப் பொருள் ஒன்றுமில்லை. படம் இல்லை, பேழை இல்லை. சுவர் மட்டுமே உண்டு. சுவர் முழுவதும் எழுத்து. பொகீமியாவிலும் மொறாவியாவிலும் இருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 யூதருடைய பெயர்கள், நிலத்தருகிலிருந்து கைக்கு எட்டாத உயரம்வரை, ஊர் ஊராக, அகர ஒழுங்கிலே, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் சிவப்பிலும், ஆளின் பெயரும் திகதிகளும் கறுப்பிலும் உள்ளன. முதற் திகதி பிறந்தநாள். அடுத்த திகதி இறந்தநாள் என்றே நான் முதலில் எண்ணினேன். அங்கிருந்த விளக்கத்தைப் படித்துவிட்டு என் பெறாமகள் என்னைத் திருத்தினாள். பெரும்பாலோர் இறந்த நாள் எவருக்கும் தெரியாது; ஆகவே கடைசியாகப் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட நாளே எழுதப்பட்டுள்ளது.

ஆசிரியத் தொழில் கைக்கொண்டவனுக்கு இரு ஆண்டுகளைக் கண்டால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காமலிருக்க முடியாது. 1936, 1942 என்று ஓரிடத்திற் கண்டேன். முதலாம் வகுப்பு. 1931, 1942 என்று வேறோரிடத்தில். ஆறாம் வகுப்பு. அதன்பின் நான் கழிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நின்ற இடத்திலே எனக்கு நினைவு வந்ததைச் சொல்லிவிடுகின்றேன். நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, 1995 ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். மறு ஆண்டிலே பாடசாலை மீண்டும் தொடங்கியபோது என் வகுப்பு மாணாக்கருள் பலர் வரவில்லை. குறித்த காலம் வராதவர்களின் பெயரை இடாப்பிலே சிவப்பு மையாற் கோடிட்டு நீக்கவேண்டும் என்பது நடைமுறை. நானும் அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடிட்டேன். எழுத்து அழகாக இருக்கின்றது என்று அன்றைய அதிபர் பாராட்டியதும் நினைவிருக்கின்றது. பெயர் நீக்கப்பட்டவர்களுட் பெரும்பாலோர் வன்னியிலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் நலமே இருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். இருவரைப்பற்றி மாத்திரம் இன்றுவரை ஒன்றும் அறிந்திலேன். இதனையும் அதனையும் ஒரு தட்டில் வைப்பது என் கருத்தன்று, வைக்கவும் கூடாது. சிவப்பு மையினால் ஒரு பெயரை எழுதவும் கூடும் என்பது அச்சுவரின் முன்னே நின்றபோதுதான் எனக்குத் தோன்றிற்று என்பதையே சொல்லுகின்றேன்.

இச்சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. வாக்லாவ் பொஸ்றீக், யிர்ஷி யோன் என்னும் இரு ஓவியர்கள் 1954 முதல் 1959 வரை இப்பெயர்களை எழுதினர். 1968 இல், நிலத்தடி நீர் ஊறிச் சுவர் கெட்டுவிட்டதென்று செபாலயம் மூடப்பட்டது. பழுதுபார்ப்பு ஆண்டுக்கணக்காக இழுபட்டது. அக்காலத்து ஆட்சியாளருக்கு அதனைத் திறக்கும் ஆவல் இருக்கவில்லை. எழுத்துக்கள் அழிந்தே போயின. ஆட்சி மாறியபின், 1992 முதல் 1996 வரை, பெயர்கள் அனைத்தும் முதலிலிருந்து மீண்டும் எழுதப்பட்டன. 2002 இலே வல்தாவா பெருக்கெடுத்துச் சுவரின் கீழ்ப்பகுதியைக் கெடுத்தது. அப்பகுதியை மறுபடியும் எழுதினர்.

மாடியிலே பிள்ளைகளின் ஓவியங்கள் உள்ளன. பிராக்குக்கு வடக்கேயுள்ள தெரெசீன் என்னும் பழைய கோட்டை நகரை நாற்சிகள் 1941 இன் இறுதியிலே யூதரை அடைத்துவைக்கும் இடமாக்கினர். அங்கேயே பசியாலும் நோயாலும் 33,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மற்றோர் பலர் அங்கிருந்து அவுஷ்விற்ஸ் முதலிய கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்விடத்திலே பிள்ளைகளுக்கு முறையான பள்ளிப்படிப்புத் தடைசெய்யப்பட்டிருந்தது. வியன்னாவிற் பிறந்து, பௌஹவுஸ் கலைக்கூடத்திலே பயின்ற பிறீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியர் 1942 திசெம்பரில் அங்கு கொண்டுவரப்பட்டார். அவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஓவியம் கற்பித்தார். கடதாசி இல்லை, பழைய காரியாலயப் படிவங்களின் பின்புறத்திலே வரைந்தனர், கிழித்தொட்டியும் படம் செய்தனர்.

வீடு, மரம், வண்ணத்துப்பூச்சி, மேசையைச் சுற்றியிருக்கும் குடும்பம் இவைதாம் பெரும்பாலும். மூன்றடுக்குக் கட்டில்களும் சில படங்களில் உண்டு. நான் கவனித்தது வேறொன்று. படங்களின் மூலையிலே பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. பெயர் எழுதவேண்டும் என்பதில் அவ்வாசிரியை கண்டிப்பாய் இருந்தார். எங்கள் பாடசாலைகளிலும் சித்திரக் கொப்பியிலே பெயர் எழுதாத பிள்ளையைக் கடிந்துகொள்வோம். புள்ளியிடுவதற்கு வேண்டுமே என்பதற்காக. அவர் புள்ளியிடவில்லை. ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டிருந்த இடம் அது.

1944 ஒக்ரோபர் 6 ஆம் நாள் அவர் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் ஏறக்குறைய 4,500 ஓவியங்களை இரு பயணப்பெட்டிகளிலே வைத்துவிட்டுச் சென்றிருந்தார். போர் முடிந்தபின் அப்பெட்டிகள் பிராக் யூதர் சபையிடம் வந்துசேர்ந்தன. வரைந்த பிள்ளைகளுட் பெரும்பாலோரின் பெயர் கீழே சுவரில் இருக்கின்றது. சிலர் பிழைத்தனர்; அவர்கள் பெயர் படத்தில் மட்டுமே உண்டு.

என் பெறாமகள் ஒரு படத்தின் முன்னே நெடுநேரம் நின்றாள். கையெழுத்து மங்கியிருந்தது. குனிந்து, எழுத்துக் கூட்டி, ஒருமுறை தவறாகவும் மறுமுறை சரியாகவும் வாசித்தாள். பிறகு, "பெரியப்பா, கீழே இறங்கிப் பார்ப்போமா?" என்றாள். இறங்கினோம். அகர ஒழுங்கு இருந்தும் ஊர் தெரியாமையால் கண்டுபிடிக்க முடியவில்லை. நூதனசாலை மூடும் நேரமும் வந்துவிட்டது. காவலாளர் எங்களை விரட்டாமல், எல்லோரும் போனபின் கடைசியாக வந்து அழைத்தார்.

ஊர் திரும்பிய பின்னர், நான் முதன்முதல் கற்பித்த பாடசாலைக்குப் போய், 1996 ஆம் ஆண்டின் இடாப்பைத் தேடித் தரும்படி கேட்டேன். எழுதுவினைஞர் இரண்டு நாட்கழித்து எடுத்துத் தந்தார். ஓரங்களைச் செல்லரித்திருந்தது. நான் இட்ட கோடு நேராகவே இருக்கின்றது. கோட்டின் கீழே அவ்விருவர் பெயரும் வாசிக்கக்கூடியனவாய் உள்ளன. பிறந்த திகதியோடு அவற்றை வேறோர் ஒற்றையிலே எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த கட்டத்தில் என்ன திகதி எழுதுவதென்று தெரியவில்லை; அதனை வெறுமையாக விட்டிருக்கின்றேன்.